பிக்கப்புக்குப் பெரிய டர்போ போட்டால் ஏற்றம் ஏறுமா?

ஜூன் 2, வந்த கேள்வி

"அண்ணே, நமக்கு ஓடுவது 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் டீசல் விடுகிற வகை) இல்லை, டீசல் விடுவது பழைய ரோட்டரி பம்பு. குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட், அன்னாசி, வாழைக்குலை அடிக்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட் ஏற்றத்தில் லோடோடு போனால் இரண்டாவது கியரிலேயே மூச்சு முட்டுகிறது. 3 லிட்டர் எஞ்சினில் இருந்து கழற்றிய டர்போ ஒன்று பழைய சாமான் கடையில் கிடைக்கிறது. 'அத எடுத்துப் போடு, நூறு குதிரை வரும் கேட்டியா' என்கிறார் நம்ம மெக்கானிக். போடலாமா? இல்லை எஞ்சினையே மாற்ற வேண்டுமா?"

ஜூன் 2, இரவு

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மூச்சு முட்டும்போது மீட்டர் எத்தனை ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) காட்டுகிறது? பின்னால் கரும்புகை வருகிறதா, வரவில்லையா?

ஜூன் 3

1400, 1500 என்கிறீர்கள். கரும்புகை உண்டு என்கிறீர்கள். அப்படியென்றால் பெரிய டர்போ உங்கள் நோய்க்கு நேர் எதிரான மருந்து. கணக்காகவே சொல்கிறேன்.

வண்டியும் லோடும் சேர்த்து 2.9 டன் என்று வைப்போம். நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டர் உயரும் ஏற்றம். அதில் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் வேண்டியது சுமார் 30 குதிரைச் சக்தி. அவ்வளவுதான். 40 கிலோமீட்டரில் ஏற வேண்டும் என்றால் 47, 48. ஆக நூறு குதிரை என்ற பேச்சுக்கே இங்கே வேலை இல்லை. இருக்கிற குதிரை எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதுதான் கேள்வி. எஸ்டேட் ரோட்டில் வளைவுக்கு வளைவு காலை எடுக்கிறீர்கள், எஞ்சின் 1400-க்கு இறங்குகிறது, அங்கிருந்து மறுபடி எழ வேண்டும். கம்பெனிக்காரன் பேப்பரில் எழுதும் உச்சபட்ச குதிரை 3000-க்கு மேலே கிடப்பது. அந்த ஏற்றத்தில் நீங்கள் அந்த ஆர்பிஎம்மைப் பார்க்கப் போவதே இல்லை.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதுகிற சாமான், அதை ஓட்டுவது வெளியேறும் சூட்டுப் புகைதான். ஆர்பிஎம் குறைவாக இருந்தால் புகையும் குறைவு. டர்பைன் வீடு (புகை சுற்றுகிற வீலை மூடியிருக்கும் கூடு) சிறியதாக இருந்தால் அந்தக் குறைந்த புகையும் வேகமாகப் பாய்ந்து வீலைச் சுற்றும். தோட்டத்து ஓஸின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் சீறுமே, அதே சங்கதி. 3 லிட்டர் எஞ்சினுக்குச் செய்த டர்போவை 2.5-இல் மாட்டினால் பூஸ்ட் (டர்போ ஊதும் காற்றழுத்தம்) வருவதற்கே இன்னும் ஐந்நூறு ஆர்பிஎம் மேலே போக வேண்டியிருக்கும். நீங்கள் முக்குகிற 1500-இல் இப்போது கிடைக்கிற கொஞ்சமும் போய்விடும். நேர் ரோட்டில் நாலாவது கியரில் பறக்கும், அது உண்மை. பேச்சிப்பாறைக்கு மேலே ஏது நேர் ரோடு?

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். நாகர்கோவிலில் ஒரு டீசல் பம்பு கடையில் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) சோதித்துக் காலம் தள்ளியவன். இப்போது தக்கலைப் பக்கம் சொந்தமாக வண்டி ஓட்டுகிறேன், ஆள் வைத்தும் ஓட்டுகிறேன். இஞ்சினியர் இல்லை. அதனால் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு.

ஜூன் 5

காற்றுக் கணக்கையும் போட்டு விடுகிறேன், இல்லாவிட்டால் இந்த "டர்போ போதாது" பேச்சு ஓயாது.

2.5 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழுதாக மூச்சு இழுக்கும். 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2500 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 2100 சொச்சம். 0.8 பார் பூஸ்டும் (டயர்க் கடை பாஷையில் 11, 12 பிஎஸ்ஐ) இன்டர்கூலரும் (டர்போ ஊதின சூட்டுக் காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) இருந்தால் அது நிமிடத்துக்கு 4 கிலோ காற்று. டீசலுக்குக் கரும்புகை இல்லாமல் எரிய 20 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு டீசல் என்பது பத்திரமான அளவு. அப்படியானால் 200 கிராம் டீசலை எரிக்கலாம். அதில் 65, 70 குதிரை வரும், அதுவும் 2000 ஆர்பிஎம்மிலேயே. கம்பெனி பம்பை அவ்வளவு திறந்து விடாது, எஞ்சின் நாள்பட உழைக்க வேண்டுமே என்று குறைத்தே வைத்திருக்கும்.

ஆகவே உங்கள் பழைய சின்ன டர்போ ஒழுங்காக ஊதினால், ஏற்றத்துக்குத் தேவையானதைவிட அதிகக் காற்று அதனிடமே இருக்கிறது. ஊதுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 5, இரவு

மேலே இன்டர்கூலர் உண்டு என்று வைத்துக்கொண்டேன். இல்லாத பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நம்ம ஊர் மத்தியான வெயிலில் 33 டிகிரி காற்றை 0.8 பாருக்கு அமுக்கினால் 110 டிகிரியைத் தாண்டும். அதை இன்டர்கூலர் 60-க்கு இறக்கினால் அதே பூஸ்டில் ஆறில் ஒரு பங்கு காற்று கூடுதலாகக் கிடைக்கும். கூடவே எஞ்சின் சூடும் குறையும். இன்டர்கூலர் இல்லாத வண்டிக்குச் செலவு செய்ய நினைத்தால் முதல் காசு அங்கேதான் போக வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கினால் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்த்து, உள்ளே டீசல் விட்டு அலசி, நன்றாகக் காய வைத்துப் பிறகு மாட்டுங்கள். முந்தின வண்டியின் டர்போ உடைந்திருந்தால் அலுமினியப் பொடி உள்ளே இருக்கும், அது நேராக உங்கள் சிலிண்டருக்குப் போகும்.

இன்டர்கூலர் இருக்கிறவர்கள், கிரில்லுக்கும் அதற்கும் நடுவே பாருங்கள். ரப்பர் இலைச் சருகு அடைத்துக் கிடக்கும். எஸ்டேட் ஓடுகிற எந்த வண்டியில் பார்த்தாலும் இருக்கிறது.

ஜூன் 6

குளச்சல்காரர் ஒருவர் கேட்கிறார், போட் எஞ்சினில் பெரிய டர்போ போட்டு அருமையாக ஓடுகிறதே, வண்டிக்கு மட்டும் ஏன் ஆகாது என்று.

போட் கடலுக்குள் போனால் ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓடும். காற்றாடி தண்ணீரைத் தள்ளுகிற சுமை ஆர்பிஎம்மோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். அந்த ஒரு புள்ளிக்குப் பொருத்தமாக டர்போ தேர்ந்தெடுத்தால் போதும். இன்டர்கூலருக்குக் கடல் தண்ணீரே இருக்கிறது, கேட்பானேன். வண்டிக்கு 1200-இலிருந்து 3000 வரை எல்லா இடத்திலும் காற்று வேண்டும், அதுவும் காலை அமுக்கின உடனே. இரண்டும் வேறு வேறு தொழில்.

இன்னொன்று. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கம்ப்ரசரை (டர்போவில் காற்றை ஊதுகிற பக்கம்) வலுக்கட்டாயமாக ஊத வைத்தால், எஞ்சின் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள முடியாமல் காற்று திரும்பி வந்து பட பட என்று அடிக்கும். அதற்கு சர்ஜ் என்று பெயர். கேட்க ஜோராக இருக்கும், இளவட்டங்கள் வீடியோ எடுத்துப் போடுவார்கள். ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங்குக்கு அது சாவு மேளம்.

ஜூன் 7

தோவாளையிலிருந்து இரவு பூ லோடு அடிக்கிற அண்ணாச்சி சொன்னதையும் சேர்க்க வேண்டும். அவருக்கு ஏற்றமே இல்லை, முழுக்க தேசிய நெடுஞ்சாலை, 2600, 2800-இல் விடிய விடிய ஓட்டம். காற்று மாதத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திரும்பும்போது முப்பந்தலில் காற்றாலை அத்தனையும் சுற்றுகிற வேகம் இவர் வண்டியின் முகத்தில் வந்து அடிக்கும். உயரமாகப் படுதா கட்டிய வண்டி, காலை முழுசாக அமுக்கியும் முள் இறங்கிக்கொண்டே வரும். அவர் மாதிரி ஓட்டத்துக்கு ஒரு அளவு பெரிய டர்பைன் நியாயமானது. சின்ன டர்போ உயர்ந்த ஆர்பிஎம்மில் புகையை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ளும், காற்றை அமுக்குவதைவிடச் சூடாக்கும் வேலையைத்தான் அதிகம் செய்யும்.

ஆகவே "பெரிய டர்போ கூடாது" என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டி நாளில் பெரும்பகுதி எந்த ஆர்பிஎம்மில் கிடக்கிறதோ அதற்கு எடுங்கள் என்கிறேன். ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

ஜூன் 8

குலசேகரம் தம்பிக்கு. கரும்புகையோடு இழுவை இல்லை என்றால் காற்றுக் குறைவு. கரும்புகையே இல்லாமல் இழுவை இல்லை என்றால் டீசல் குறைவு. ஃபில்டர், ஃபீட் பம்பு, பம்பின் தலையில் இருக்கிற டயாஃப்ரம், அதற்குப் போகிற சின்ன ஓஸ் என்று அந்த வழியில் தேட வேண்டும். இந்த ஒரு பாகுபாடு தெரிந்தால் பாதி செலவு மிச்சம். உங்களுக்குக் கரும்புகை. அதனால் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். அப்புறம் ஓட்டை சோதனை. டர்போவின் வாய்க்குச் சரியாக உட்காரும் பிவிசி மூடி ஒன்றை பைப் கடையில் வாங்குங்கள். நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வை மாட்டுங்கள். மூடியை ஏர் ஃபில்டர் ஓஸுக்குப் பதிலாக டர்போ வாயில் வைத்து, கிளிப்பை இறுக்கி, டயர்க் கடையில் போய் 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மூடி பறந்து வந்து முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஆஃபில் இருக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை. சோப்புத் தண்ணீரை ஓஸ் முனை, இன்டர்கூலர் ஓரம், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) கேஸ்கட் எல்லா இடத்திலும் பூசுங்கள். எங்கே நுரை பூக்கிறதோ அங்கே உங்கள் குதிரைகள் ஓடிப்போகின்றன.

ஓஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் பிளந்திருக்கும். பூஸ்ட் ஏறும்போதுதான் அந்தப் பிளவு வாய் திறக்கும், நிறுத்தி வைத்த வண்டியில் மூடிக்கொள்ளும். வெறும் கண்ணால் பார்த்து "ஓஸ் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

ஜூன் 9

தம்பி கண்டுபிடித்துவிட்டாராம். இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகிற ஓஸ், வளைவின் அடியில் விரல் நீளப் பிளவு. மாற்றினதும் "பாதி நோய் போச்சு அண்ணே" என்கிறார்.

மீதிப் பாதியும் அதே செய்தியில் போகிற போக்கில் வந்து விழுந்திருக்கிறது. கல் ரோட்டில் அடி தட்டுகிறது என்று போன வருடம் ஒரு சைஸ் பெரிய டயர் போட்டாராம். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி? டயர் உயரம் ஐந்து சதவீதம் கூடினால் ரோட்டில் கிடைக்கிற இழுவை ஐந்து சதவீதம் குறையும். எல்லா கியரும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரிதான். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். இரண்டாவது கியரில் 1500-க்கு இறங்குகிறது என்றீர்களே, அதில் பெரிய டயருக்கும் ஒரு பங்கு உண்டு.

இருக்கிற டயரைத் தேயும்வரை ஓட்டிவிட்டு அடுத்த செட் கம்பெனி அளவுக்கே வாருங்கள். ஏற்ற ஓட்டம் மட்டுமே என்றால் பின் ஆக்சிலில் கிரவுன் பினியனை (ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி) குட்டை விகிதத்துக்கு மாற்றுவதும் ஒரு வழி, பல மாடலுக்கு இரண்டு விகிதம் வந்திருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும், டீசலும் குடிக்கும். உங்களுக்கு இரண்டு ஓட்டமும் இருப்பதால் நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 11

ஃப்யூல் ஸ்க்ரூவைத் திருகலாமா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

ரோட்டரி பம்பில் டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்க்ரூ உண்டு. கால் திருகு உள்ளே விட்டால் வண்டி உண்மையிலேயே நன்றாக இழுக்கும். அதனால்தான் ஆபத்து. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் எரிந்தது போக மிச்சம் கரும்புகை, கூடவே சூடு. பெட்ரோலில் எரிபொருள் கூடினால் சூடு தணியும், டீசலில் கூடினால் ஏறும். ஏற்றத்தில் அதே நிலையில் சில நிமிடம் அமுக்கிப் பிடித்தால் பிஸ்டன் தலை உருகத் தொடங்கும், ஹெட் கேஸ்கட் போகும், டர்பைன் வீடு விரிசல் விடும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. சில மாதம் "என்ன இழுவை, என்ன இழுவை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவோம், அப்புறம் ஒரு நாள் எஞ்சின் பிரிக்க வேண்டி வரும்.

திருகத்தான் வேண்டும் என்றால் முதலில் புகைச்சூட்டு மீட்டர் போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், துளையிட்டு மரை வெட்டி சென்சார் இறக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் துளைக்க வேண்டும், வண்டியில் வைத்துத் துளைத்தால் சீவல் டர்பைனுக்குள் போகும். தொடர்ந்து ஏறும்போது 700 டிகிரி. அதுதான் நான் போட்டுக்கொண்ட கோடு. அதைத் தாண்டினால் கியரை இறக்கு, காலைக் குறை. கூடவே பூஸ்ட் மீட்டர் ஒன்று. இந்த இரண்டு மீட்டரும் இல்லாமல் "அப்கிரேட்" பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பூஸ்டைக் கூட்டலாமே என்றால், 1.2 பார் வரை ஏற்றினால் டர்போவிலிருந்து வரும் காற்றே 150 டிகிரியை நெருங்கும். இன்டர்கூலர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், ஹெட் போல்டும் கேஸ்கட்டும் தாங்க வேண்டும். வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையைத் திருப்பி விடும் வால்வு) கம்பியை இரண்டு மரை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போக முடியாது.

ஜூன் 12

கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போடலாமா? சத்தம் வேண்டும் என்றால் போடலாம். பானெட்டுக்குள்ளே இருக்கிற 60 டிகிரிக் காற்றை இழுக்கும், வெளியே 33 டிகிரிக் காற்று சும்மா கிடக்கும்போது. எட்டு சதவீதக் காற்று காசு கொடுத்துப் போகும்.

ஜூன் 15

டர்போ ஆயில் தள்ளுகிறது என்று மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர். புதுசு மாட்டியும் தள்ளுகிறதாம், கடைக்காரனோடு சண்டையாம்.

பெரும்பாலும் டர்போ மேல் குற்றமில்லை. டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும், வெளியே வரும்போது வெறுமனே வழிந்து எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். அந்தத் திரும்பும் குழாய் அடைத்தாலோ, சம்ப்புக்குள் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ரிங் ஓரமாக நழுவி வரும் சிலிண்டர் வாயு) அதிகமாகிக் காற்று எதிர்த்துத் தள்ளினாலோ, ஆயிலுக்குப் போக வழி ஷாஃப்ட் ஓரம்தான். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப் என்று வந்தால் ரிங் போயிருக்கிறது. அந்த எஞ்சினில் எத்தனை டர்போ மாட்டினாலும் அத்தனையும் ஆயில் தள்ளும். ரிங் போன எஞ்சினுக்கு டர்போ அப்கிரேட் யோசிப்பதும் இதே கணக்குதான், தம்பி கவனிக்க.

இதைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அழகியமண்டபம் அருகே ஒரு வண்டி தன் ஆயிலையே குடித்து ஓடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாவியை எடுத்தாயிற்று, எஞ்சின் நிற்கவில்லை. ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகிறது, வெள்ளைப் புகையில் எதிர்க்கடை தெரியவில்லை, டிரைவர் பையன் கதவைத் திறந்து குதித்துவிட்டான். டீக்குடிக்க நின்ற வயசான லாரி டிரைவர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு கிளட்சை மடாரென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இறங்கி வந்து "சாயா ஆறிப்போச்சு வே" என்று கடைக்காரரிடம் புகார். டீசல் வண்டி ஓட்டுகிற எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கையையோ துணியையோ காற்றுக் குழாய் வாயில் வைக்கப் போகாதீர்கள்.

ஜூன் 17

சட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். TN 74 (நாகர்கோவில்) ஆனாலும் 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் இதுதான். நம்மில் பாதிப் பேர் களியக்காவிளை தாண்டி லோடு கொண்டுபோகிறவர்கள். கேரளத்தில் மாற்றம் செய்த வண்டிகளை எவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்சூரன்ஸ்காரனுக்கும் கிளெய்ம் மறுக்க ஒரு காரணம் கையில் கொடுத்த மாதிரி ஆகும்.

புகைச் சோதனையும் இருக்கிறது. பிஎஸ் 4-க்கு (பாரத் ஸ்டேஜ் புகை விதி) முந்தின டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் கருமையை அளக்கும் அலகு) அளவு, பிஎஸ் 4-க்கு 50. ஸ்க்ரூ திருகின வண்டி இதில் மாட்டும். சோதனைக்கு முந்தின நாள் திருப்பி வைத்துவிட்டு மறுநாள் மறுபடி திருகுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. சீல் உடைந்த பம்பை அவர்கள் எங்கே ஒளிப்பார்களோ.

ஜூன் 20

சரி, எந்த டர்போ வாங்குவது?

எஸ்டேட் ஓட்டத்துக்கு, உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த அதே நம்பர் டர்போ. பழையதைத் தூக்கிப் போடும் முன் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், ஆயில் நடுவே மிதக்கிற பேரிங், அப்படித்தான் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியவே கூடாது. வீல் வீட்டில் உரசிய கோடு இருந்தால் போயிற்று. லட்சத்துக்கு மேல் ஆர்பிஎம்மில் சுற்றுகிற சாமான், உரசலை மன்னிக்காது.

வெறும் கார்ட்ரிட்ஜ் (வீல், ஷாஃப்ட், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றினால் போதும் என்பார்கள். வீடு நன்றாக இருந்தால் போதும்தான். ஆனால் பேலன்ஸ் செய்த சீட்டு கேளுங்கள். பெட்டியில் நம்பரும் இல்லாமல், கேரண்டியும் இல்லாமல், பாதி விலைக்கு வருகிறவை சில மாதத்தில் விசில் அடிக்கத் தொடங்கும். காரெட், போர்க்வார்னர், நம்ம சென்னை டர்போ எனர்ஜி, இவற்றில் உங்கள் எஞ்சினுக்கு எது ஒரிஜினலாக வந்ததோ அதையே அங்கீகரித்த டீலரிடம் வாங்குங்கள். மாட்டும்போது ஆயில் போகும் குழாயையும் புதுசாக மாற்றுங்கள், உள்ளே கரி பிடித்த பழைய குழாய்தான் புது டர்போவைக் கொல்லும். ஆயில், ஃபில்டர் மாற்றிவிட்டு, டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி விட்டே முதல் ஸ்டார்ட். ஏற்றம் ஏறி வந்து உடனே சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

ஜூன் 21

காமன் ரெயில் வண்டிக்காரர்களுக்கு இரண்டு வரி. உங்களுக்கு ஸ்க்ரூ கிடையாது, கம்ப்யூட்டர்தான். ரீமேப் (கம்ப்யூட்டரின் டீசல், பூஸ்ட் கணக்கை மாற்றி எழுதுவது) செய்கிறவர் அதற்கு முன் பூஸ்ட், ரெயில் பிரஷர் (டீசல் அழுத்தம்) பதிவு எடுத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். லேப்டாப்பைச் செருகி ஏதோ ஏற்றிவிட்டுக் காசு கேட்டால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டியில் புகை சுத்தம் செய்கிற சாமான்களைத் தொடவே வேண்டாம்.

ஜூன் 24

எஞ்சின் மாற்றுவது பற்றிக் கடைசியாகக் கேட்டதற்கு. எஞ்சின் மட்டும் மாறாது. மவுண்டிங், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், வயரிங், முன் ஸ்பிரிங், பிரேக்கும்கூட யோசிக்க வேண்டும். அந்தச் செலவில் இந்த வண்டியை விற்றுவிட்டு நல்ல நிலையில் இருக்கிற பெரிய வண்டியே பார்க்கலாம். லேத்துக்காரர் முடியும் என்பார். அவருக்கு எதுவும் முடியும்.

ஜூலை 1

தம்பியின் கணக்கு இப்போது இப்படி. ஓஸ் மாற்றியாயிற்று. இன்டர்கூலர் சருகு எடுத்தாயிற்று. நாசிலைப் பம்பு கடையில் சோதித்ததில் ஒன்று சொட்டு விட்டதாம், நாலையும் மாற்றிவிட்டார். டர்போ பழையதே, ஷாஃப்ட் நன்றாக இருக்கிறதாம். அதே ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 1900-க்குக் கீழே இறங்காமல் நிற்கிறது என்கிறார். 3 லிட்டர் டர்போ இன்னும் கடையிலேயே கிடக்கிறதாம், மெக்கானிக்குக்கு வருத்தம்.

அப்படியும் அன்னாசி சீசனில் திணறுகிறது என்று ஒரு வால் சேர்த்திருக்கிறார். எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் நேரடியாக வரவில்லை, "எல்லாரும் ஏத்துற அளவுதான் அண்ணே." அதற்கு டர்போவில் மருந்தில்லை. கூடுதல் லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், மேலே டன்னுக்கு 2,000.

ஜூலை 2

பம்பு கடையில் கழற்றின பழைய நாசில்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களா? நாளைக்கே போய் வாங்கி வாருங்கள். அதில் மூன்று நன்றாகத்தான் இருக்கும்.